மூன்றாம் மாடியில் வாசல்

சட்டக் கல்லூரியின் வாசல் மூன்றாம் மாடியில் இருந்தது. படிக்கட்டு கிடையாது, கட்டியவர்கள் உள்ளேயே பிறந்தவர்கள். வெளியே பிறந்தவர்களுக்காக நகராட்சி நம் நாட்டுப் படிக்கட்டு ஒன்றையும், கப்பலில் வந்த மூன்று நாட்டுப் படிக்கட்டுகளையும் சுவரில் சாத்தியிருந்தது. ஒப்பிட்டுச் சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு.

கல்லூரியில் சேர வந்த தவமலரின் பெயரை அன்று மாலை ஒரே முறை கூப்பிடுவார்கள். அப்போது அவள் வாசலில் நிற்க வேண்டும்.

நம் நாட்டுப் படிக்கட்டு அவளுடைய சாதிச் சான்றிதழைப் பார்த்து ஏறவிட்டது; முதல் மாடியோடு முடிந்தது. பிரேசில் படிக்கட்டின் அடியில் நிறம் சரிபார்க்கும் மூன்று பேர் அவள் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்து, ஏறலாம் என்று தலையசைத்தார்கள். அதுவும் அதே உயரம்தான். மலேசியப் படிக்கட்டு அகலமானது, உயரம் இன்னும் குறைவு, பெரும்பான்மையினருக்காகச் செய்தது. "உங்க ஆளுங்க எத்தனை பேரு?" என்று கேட்டது. அமெரிக்கப் படிக்கட்டை நீதிமன்றம் கழற்றிப் போட்டிருந்தது; ஏறுபவர் தன் கதையைச் சொன்னால் ஒவ்வொரு பலகையாக எழுந்து நிற்கும்.

ஜன்னலில் பேராசிரியர் சபேசன் தலை நீட்டினார். "நாங்க யாரும் படி ஏறலியேம்மா! திறமையில வந்தோம்."

"ஆமா சார், தொட்டில்லயே திறமையா படுத்திருந்தீங்க" என்றாள் துணைக்கு வந்த டெய்சி.

நகராட்சிப் பொறியாளர் அளந்து முடித்து டேப்பைச் சுருட்டினார். "எதுவும் எட்டலைம்மா. எல்லாத்தையும் திருப்பி அனுப்பிர வேண்டியதுதான்."

"ஒண்ணு மேல ஒண்ணு வச்சா சார்?" என்றாள் தவமலர்.

"ஒப்பிடத்தான் உத்தரவு. சேக்க உத்தரவு இல்ல."

"சேக்கக் கூடாதுன்னு இருக்கா?"

அவர் உத்தரவைப் புரட்டிப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை.

டெய்சி ஓடிப்போய்த் தங்கள் தெருவையே திரட்டி வந்தாள். மலேசியப் படிக்கட்டு அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றது. அதன்மேல் நம்முடையது, அதன்மேல் பிரேசிலுடையது எனக் கயிற்றால் கட்டினார்கள். இன்னும் ஓர் ஆள் உயரம் குறைந்தது.

அமெரிக்கப் பலகைகளைத் தோளில் சுமந்து ஏறினாள் தவமலர். சான்றிதழைக் காட்டினாள், முகத்தைக் காட்டினாள். உச்சியில் நின்று, பள்ளிக்கூடக் குழாயைத் தொட்டதற்காக, சிறுமியாக இருந்த அம்மாவை வெயிலில் நிறுத்திய மத்தியானத்தைச் சொன்னாள். ஒரு பலகை எழுந்தது. மறுநாளும் அம்மா அதே குழாயைத் திறந்ததைச் சொன்னாள். மற்றவையெல்லாம் எழுந்தன.

உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள்.

"உள்ளேன் ஐயா!"

கீழே பறை அதிர்ந்தது. சபேசன் நகர்ந்து வழிவிட்டார். அவள் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். இத்தனை காலம் தவமலரின் தெருவைப் போலவே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பாறைக்குன்று, தன் பெயரைக் கேட்டு முதல் படியில் கால் வைத்தது. தவமலர் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.