முகவரி சொல்லுங்க

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் அவளுக்கு ஐஸ்கட்டி அக்கா என்று பெயர். மறுமுனையில் யார் குய்யோ முறையோ என்று கத்தினாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. "பதறாதீங்க. முகவரி சொல்லுங்க." கேலிக்கு வைத்த பெயர்தான், அவளோ அதைப் பதக்கம் போல நெஞ்சில் குத்திக்கொண்டாள். தான் யார் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே பதில் அதுதான்: இடியே விழுந்தாலும் கலங்காதவள்.

ஒரு மத்தியானம் அந்த இடி அவள் தலையிலேயே விழுந்தது.

"அப்பா விழுந்துட்டாரு! பேச்சு மூச்சில்ல!"

மகளின் குரல். வேலை நேரத்தில் அம்மாவின் போன் லாக்கரில் கிடக்கும் என்று தெரிந்து அவசர எண்ணுக்கே அடித்திருக்கிறாள். அது வந்து சேர்ந்தது அம்மாவின் காதில்.

"அம்மாவா? அம்மா, நான்தாம்மா!"

"பதறாதீங்க. முகவரி சொல்லுங்க."

கல்யாணமான நாளிலிருந்து குடியிருக்கும் வீடு. அதன் முகவரியை மகள் தேம்பித் தேம்பிச் சொல்ல, அவள் தட்டச்சு செய்தாள். அவர் நெஞ்சை அழுத்தச் சொல்லி, ஒவ்வொரு அழுத்தலுக்கும் கூடவே எண்ணினாள். ஒரு பிசகில்லை. வண்டி நேரத்துக்குப் போனது; அவர்தான் காத்திருக்கவில்லை.

சாவு வீட்டில் சூப்பர்வைசர் புகழ்ந்து தள்ளினார். "வேற யாரா இருந்தாலும் அங்கயே மயங்கி விழுந்திருப்பாங்க." அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள்.

மகள் அருகில் வந்தாள். "அம்மா அம்மான்னு அத்தனை தடவ கூப்பிட்டேன். யாரோ மாதிரி 'நீங்க'ன்னே பேசினியேம்மா."

அப்படிப் பேசலன்னா என்னால பேசவே முடிஞ்சிருக்காதுடி. தொண்டை வரை வந்ததை ஐஸ்கட்டி விழுங்கிவிட்டாள்.

"அந்த சீட்ல உக்காந்தா அப்படித்தான் பேசணும்."

பாவி, அதையா சொல்வது! மகள் மூட்டை கட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு பெரியவர் அழைத்தார். மனைவிக்கு லேசான தலைசுற்றல், அவ்வளவுதான். "பதறாதீங்க" என்றாள். அடுத்த சொல் வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரி அழைப்பை வாங்கிக்கொண்டாள். லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தவள், மகளுக்கு அடித்தாள்.

"என்னம்மா?"

அழுகைதான் வந்தது. அடக்கி வைத்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படி அழுகிறவள் யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை; பயமாக இருந்தது.

"அம்மா, அழாதம்மா. எங்க இருக்க சொல்லு, நான் வரேன்."

யார் யாரிடமோ அவள் காலமெல்லாம் கேட்ட கேள்வி.