மிதவை நகர்ந்த தூரம்

படகு ஓட்டுவதற்கு வேண்டிய எல்லாமும் அத்தானிடம் இருந்தது, உரிமம் ஒன்றைத் தவிர. தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டார். அதனால் அக்கா பந்தயத்தில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மோட்டார் படகின் சுக்கானைப் பிடித்தது நான்.

வேடிக்கை பார்க்க வரும் படகுகளுக்கு முந்தின நாளே சங்கத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். பந்தய எல்லைக்குள் நுழையாதே. பாய்ப்படகுகளுக்குக் காற்று வரும் வழியை மறைத்து நிற்காதே. மெதுவாகப் போ, நீ கிளப்பும் அலையில் சின்னப் படகு வேகம் இழந்து நின்றுவிடும். போட்டியாளருக்கு வழி சொல்லிக் கத்தாதே, தண்டனை உனக்கல்ல, அவருக்கு. ஏதாவது நடந்தால் பந்தயக் குழுவை வாக்கி டாக்கியில் கூப்பிடு. நான் அதை இரண்டு தரம் படித்தேன். அத்தான் நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

காலையில் படகுத்துறையில் எரிபொருள் பார்த்தேன். நங்கூரக் கயிற்றை முழுக்க இழுத்துப் போட்டுச் சிக்கெடுத்தேன். ஓட்டுபவன் தண்ணீரில் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் வாரை மணிக்கட்டில் மாட்டினேன். லைஃப் ஜாக்கெட்டை அம்மாவிடம் நீட்டினேன்.

"இதைப் போட்டா மூட்டை மாதிரி இருப்பேன்டா."

"மூட்டை மிதக்கும். போடு."

"பெத்தவகிட்ட பேசற பேச்சா இது?" என்று கேட்டுக்கொண்டே போட்டுக்கொண்டாள்.

அத்தான் சோஃபா, மெத்தை விற்பவர். படகின் இருக்கைகளுக்கெல்லாம் அந்த வாரம்தான் பால் வெள்ளையில் புது உறை போட்டிருந்தார். செருப்போடு ஏறிய என்னை, கோயிலுக்குள் ஏறியவனைப் போலப் பார்த்தார்.

அக்கா ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிறாள். வயது முப்பத்தொன்பது. விடுமுறை நாளெல்லாம் ஒற்றை ஆள் பாய்ப்படகில்தான் கழியும். அடுத்த மாதம் நடக்கும் பெரிய போட்டிக்குச் சங்கம் ஒருவரைத்தான் அனுப்பும். இன்று முதலில் முடிப்பவர் போவார். மூன்று வருடமாக அக்கா இரண்டாவது. மூன்று வருடமும் முதலில் வந்தவர் பல் டாக்டரம்மா. அவருடையது நீலப் பாய், அக்காவுடையது சிவப்புப் பட்டை போட்ட வெள்ளைப் பாய்.

பாதை எளிது. காற்றை எதிர்த்து மேல் மிதவை வரை போக வேண்டும். அதைச் சுற்றி, காற்றோடு கீழே இறங்கி, ஆரஞ்சு மிதவையைச் சுற்றி, மறுபடி மேலே ஏறி முடிக்க வேண்டும். ஒரு பக்கம் கரை, மறுபக்கம் ஆழம். ஆழப் பக்கத்தில், எல்லைக்கு வெளியே, ஆரஞ்சு மிதவைக்குச் சற்று மேலே படகை நிறுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் உள்ள போ மச்சான். இங்கேருந்து பார்த்தா எல்லாம் கைக்குட்டை மாதிரி தெரியுது."

"உள்ள போனா நம்ம அலையில அக்கா நின்னு போயிடுவா."

"ஒரு சத்தமாவது குடுப்போமே. காத்து அந்தப் பக்கம் நல்லா இருக்குன்னு."

"கை தட்டுங்க. வழி சொல்லாதீங்க."

பன்னிரண்டு படகுகள் கிளம்பின. அக்கா மூன்றாவதாகத் தொடங்கி, பாதி வழியில் முதலில் இருந்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, திறந்ததும் என்ன ஆச்சு என்று கேட்டாள். மூடாமல் இருந்தால் கேட்க வேண்டியதில்லை என்றேன்.

அப்போதுதான் எஞ்சின் முனகியது. உடனே அணைத்தேன். ஏதோ ஒரு பிளாஸ்டிக் சாக்கு எஞ்சினின் விசிறியில் சிக்கிச் சுற்றியிருந்தது. ஓடாத படகைக் காற்று கீழ்நோக்கியும் நீரோட்டம் கரைப்பக்கமாகவும் தள்ளும். இரண்டும் சேர்ந்தால் நேரே பந்தய எல்லைக்குள்தான். பயப்பட ஒன்றுமில்லை. ஆழம் நாலு ஆள் உயரம்கூட இல்லை, நங்கூரம் அரை நிமிடத்தில் பிடிக்கும்.

"அத்தான், முன்னாடி போய் நங்கூரத்தை இறக்குங்க."

"சரி சரி."

நான் பின்பக்கம் குப்புறப் படுத்து, கத்தியால் சாக்கை அறுக்கத் தொடங்கினேன். அத்தான் சொன்ன இரண்டு 'சரி'யையும் நம்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசித் துண்டை உருவிக்கொண்டு எழுந்தபோது, நங்கூரம் அதன் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தது. முன்பக்கக் கயிறு ஆரஞ்சு மிதவையின் வளையத்தில் கட்டியிருந்தது. அழகான முடிச்சு.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நங்கூரத்தைத் திரும்ப எடுக்கறப்ப சேறெல்லாம் மெத்தையில ஒட்டும். இது பக்கத்திலயே வந்துச்சு, கொக்கிக் கம்பால பிடிச்சுக் கட்டிட்டேன். ஏன், நிக்குதுல்ல?"

நிற்கவில்லை. மிதவையின் நங்கூரம் ஒரு காற்றடைத்த பையை நிறுத்தி வைக்கும், ஒரு டன் படகை அல்ல. காலையில் மிதவை கரையிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு நேராக இருந்தது. இப்போது தொட்டியைத் தாண்டி, அடுத்திருந்த பழைய கொட்டகைக்கு நேரே நின்றது. கீழேயும் கரைப்பக்கமாகவும் அறுபது மீட்டருக்குக் குறையாது. மேலே பார்த்தேன். அக்கா மேல் மிதவையை நெருங்கிக்கொண்டிருந்தாள். எட்டு நிமிடத்தில் எல்லோரும் இங்கே இருப்பார்கள்.

முடிச்சை அவிழ்த்தேன்.

"அதை எடுத்த இடத்திலேயே வெச்சிடுடா," என்றாள் அம்மா.

"எடுத்த இடம் எதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? குத்துமதிப்பா வெச்சா அது இன்னொரு தப்பு."

அத்தான் கண்ணுக்கு மேல் கையை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார், சுற்றுமுற்றும் தண்ணீர்தான் என்றாலும்.

"மச்சான், உன் அக்கா மேல சுத்திட்டா. கரைப்பக்கமா வர்றா. பல் டாக்டரம்மா ஆழப் பக்கமா வருது. மிதவை கரைப்பக்கம் நகர்ந்திருக்குன்னா யாருக்கு நல்லது? யோசி. யாரும் பார்க்கல."

அது உண்மை. மிதவையை இப்போது நிற்கும் இடத்திலேயே விட்டால் அக்கா நேரே வந்து சுற்றிவிட்டுப் போவாள். டாக்டரம்மா அறுபது மீட்டர் சுற்றி வர வேண்டும். மூன்று வருடத் தோல்விக்குப் பதில் கையில் கிடைத்த மாதிரி.

நான் மூன்று வருடம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்தவன். திரையில் எண் மாறினால் போனை எடு, அவ்வளவுதான் வேலை. போனை எடுப்பதற்கு முன்னால் யாருக்கு நல்லது என்று யோசித்தவர்களின் சரக்கு அழுகியதைப் பார்த்திருக்கிறேன். வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"பாவி, அவ உன் அக்காடா," என்றார் அத்தான்.

"நீங்க அவ புருஷன். மிதவையில கட்டினது நீங்கதான்."

பொத்தானை அழுத்தினேன். "குழுப் படகு, வேடிக்கைப் படகு ஏழு பேசறேன். கீழ் மிதவையை நாங்க இழுத்துட்டோம். காத்தோட கீழேயும் கரைப்பக்கமாவும் அறுபது மீட்டர் இருக்கும். இப்ப கயிறு அவிழ்த்தாச்சு. எஞ்சின் ஓடும், எல்லாரும் பத்திரம்."

ஒரு விநாடி இரைச்சல். பிறகு ஒரு கிழட்டுக் குரல். "எதுல கட்டினீங்க?"

"மிதவையிலதாங்க."

"நல்லா இருங்க," என்றது குரல். வாழ்த்தல்ல.

இரண்டு நிமிடத்தில் ரப்பர் படகு வந்தது. மிதவை போடுகிறவர் தனியாக ஓட்டி வந்தார். எங்களை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, அலை எழாமல் பக்கத்தில் நின்றார். கோபத்திலும் அந்த ஒழுங்கு இருந்தது.

"இதை இறக்கி நட்டு வைக்க நேரமில்ல. என் படகே மிதவை. நீங்க அந்த ஆரஞ்சைத் தூக்கி உள்ள படுக்க வைங்க, யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அப்புறம் எல்லைக்கு வெளிய போங்க. மெதுவா."

இடம் காட்டும் கருவியைப் பார்த்து, மிதவை இருந்த இடத்துக்குப் போய் நின்றார். ஒரு கொடியை உயர்த்தினார். ஹாரனை விட்டு விட்டு அடிக்கத் தொடங்கினார். மிதவை போனால் கொடியும் ஓயாத ஹாரனும் உள்ள படகுதான் மிதவை. பந்தயம் ஓட்டுகிற எல்லோருக்கும் அது தெரியும்.

நானும் அத்தானும் மிதவையை உள்ளே இழுத்தோம். அதன் கயிறு வந்தது, சங்கிலி வந்தது, கடைசியில் அதன் நங்கூரமும் வந்தது. ஒரு கூடைச் சேற்றோடு. எல்லாம் பால் வெள்ளை இருக்கையில். அத்தான், மிதவை காற்றில் எழும்பாமல் அதன் மேல் படுத்துக்கொண்டார்.

எல்லைக்கு வெளியே போய் எஞ்சினை அணைத்து, இந்த முறை நானே நங்கூரத்தை இறக்கினேன். பிடித்ததா என்று கயிற்றை இழுத்துப் பார்த்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஹாரன் கேட்டதும் அக்கா தலையைத் திருப்பியது தெரிந்தது. பாயை மறுபக்கம் வீசி, ஆழப் பக்கமாகத் திரும்பினாள். தயங்கவே இல்லை. ஆனால் கரையோரம் வெகுதூரம் வந்திருந்தாள். டாக்டரம்மா நேர்கோட்டில் இறங்கி வந்தார். கொடிப் படகை நீலப் பாய் முதலில் சுற்றியது, வெள்ளைப் பாய் நான்கு படகு நீளம் பின்னால்.

மேலே ஏறும் கடைசிப் பாதையில் அக்கா விடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நீளம் பிடித்தாள். உடம்பை முழுக்க வெளியே சாய்த்து, முதுகு தண்ணீரைத் தொட ஓட்டினாள். அத்தான் மிதவையின் மேல் படுத்தபடி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். முடிவில் அரைப் படகு நீளம். அரை நீளம் பின்னால்.

துறையில் அக்கா படகை இழுத்து ஏற்றும்போது நானே போய் நடந்ததைச் சொன்னேன். குழுவிலிருந்து வாக்கி டாக்கியில் பேசிய கிழவரும் அங்கே வந்தார்.

"பாரும்மா, உன் தப்பு இதுல எதுவும் இல்ல. தப்பான இடத்துல இருந்த மிதவையை நம்பிக் கரைப்பக்கம் வந்தேன்னு ஒரு மணி நேரத்துக்குள்ள எழுதிக் குடுத்தா, நாங்க பரிசீலிக்கணும். உனக்கு முதலிடம் கிடைச்சாலும் கிடைக்கும்."

"எழுதிடு," என்றார் அத்தான். சட்டை முழுக்கச் சேறு. "ரெண்டே வரி. நான் பேனா தர்றேன்."

அக்கா கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது.

"நான் மிதவையைப் பார்த்துக் கரைப்பக்கம் வரலீங்க. அங்க காத்து இருக்கும்னு நினைச்சேன். மிதவை எங்க இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன். காத்து இல்ல. என் கணக்கு தப்பு."

"அது உன் மனசுக்குள்ள தானே இருக்கு? யாருக்குத் தெரியும்?" என்றார் அத்தான்.

"ஏங்க, நீங்க கட்டினதுக்கு நான் பொய் எழுதணுமா?"

கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விட்டார். அத்தான் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் காதில் செருகிக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ கூப்பிட்டது சரி. நாளைக்கு வரைக்கும் என்கிட்ட பேசாத."

"சரி."

"பேசாதன்னேன். பின்பக்கம் பிடி."

பிடித்தேன். படகை இருவருமாகச் சரிவில் தூக்கிக்கொண்டு போனோம். பாதி ஏறியதும் அவள் மூச்சு வாங்க நின்றாள். எதிரே பல் டாக்டரம்மா முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எழக் கை கொடுக்க ஆள் தேடியபடி.

"அடுத்த வருஷம் அந்தம்மாவுக்கு அம்பது முடியுது," என்றாள் அக்கா. "தூக்கு."