எலும்பில் விரிசல் இல்லை

டாக்டர் திரையில் கறுப்பு வெள்ளைப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். எதிரே நாகிசா இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா சிசூரு, மடியில் இருந்த கைப்பையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"எலும்புல விரிசல் இல்லை. தசையும் நல்லாத்தான் இருக்கு. நாளைக்கே ஐஸ்ல இறங்கலாம்."

"அப்பாடா!" என்று அம்மா எழுந்த வேகத்தில் கைப்பை கீழே விழுந்தது. அதை எடுக்காமலேயே டாக்டருக்குக் குனிந்து குனிந்து நன்றி சொன்னாள்.

நாகிசாவுக்கு முகம் வெளிறிவிட்டது. விரிசல் இருக்க வேண்டும் என்றுதான் அவள் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். பெரிதாக வேண்டாம். ஒரு பருவம் முழுக்க வீட்டில் உட்காரப் போதுமான அளவுக்குச் சின்னதாக ஒன்று. வரும் வழியில் கோயில் வாசலைத் தாண்டும்போது காருக்குள்ளிருந்தே கைகூப்பினாள். மகள் குணமாக வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அம்மாவும் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆனா டாக்டர், இன்னும் வலிக்குதே."

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. டாக்டர் ஒருமுறை அவளைப் பார்த்தார்.

"வலிக்குதுன்னா ஓய்வு எடு. பதினஞ்சு நாள் கழிச்சுப் பார்ப்போம்."

உண்மையில் வலி போன வாரமே விட்டிருந்தது.

நாகிசாவுக்குப் பதினேழு வயது. நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே ஐஸில் சறுக்கப் பழகியவள். பதின்மூன்றாவது வயதில் ஜூனியர் போட்டிக்காக வெளிநாடு போய் வெண்கலம் வாங்கி வந்தபோது, ஒசாகாவில் அவள் படித்த பள்ளியின் வாசலில் பேரைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டார்கள். அடுத்த கோடையில் உடம்பு வளரத் தொடங்கியது. சீருடைப் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறியது. அதுவரை மூச்சுவிடுவது போல வந்துகொண்டிருந்த தாவல்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. மற்றவற்றை மல்லுக்கட்டித் திரும்பப் பிடித்துவிட்டாள். லுட்ஸ் மட்டும் வரவில்லை. பின்னோக்கி நீளமாக வளைந்து வந்து, வளைவுக்கு எதிர்ப்பக்கமாக எழும்பி, காற்றில் மூன்று சுற்று சுற்றி ஒற்றைக் காலில் இறங்க வேண்டிய தாவல் அது. போன குளிர்காலத்தில் அதிலிருந்து விழுந்து, பக்கச் சுவரில் போய் மோதினாள். காயம் ஆறியது. பயம் ஆறவில்லை.

அந்த வளைவுக்குள் நுழையும்போதே கால் மரக்கட்டையாகிவிடும். சில நாள் சுற்றைப் பாதியில் விட்டு இறங்குவாள். பல நாள் விழுவாள். அபூர்வமாகச் சரியாக இறங்கினாலும் சந்தோஷம் வராது. நாளைக்கும் இதைச் செய்ய வேண்டுமே என்றுதான் தோன்றும்.

பிள்ளைகள் 'சென்செய்' என்று கூப்பிடும் பயிற்சியாளர் உத்சுமி, தடுப்புச் சுவரில் உள்ளங்கையால் அடித்துக் கத்துவார். "என்ன பயம்? ஐஸ் உன்னைக் கடிச்சா திங்கப்போகுது?" ஐஸ் ரிங்க்கின் அந்தக் கோடியில் சறுக்கிக்கொண்டிருக்கும் குட்டிப் பிள்ளைகள்கூட நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆகஸ்டில் இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டில் படுத்துக் கிடந்தபோது அவளுக்கு வந்தது ஒரு விசித்திரமான நிம்மதி.

டாக்டர் சொன்ன ஓய்வு அவளுக்குத் திருவிழாவாக இருந்தது. வெளிச்சம் வந்த பிறகு எழுந்தாள். பள்ளி விட்டதும் வகுப்புப் பெண்களோடு கரோக்கேக்குப் போய்த் தொண்டை கட்டும்வரை பாடினாள். கோயோமி மட்டும் தினமும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரே ரிங்க்கில், ஒரே உத்சுமியிடம் வளர்ந்தவள். "சென்செய் திட்டுறதுக்கு ஆள் இல்லாம உன் பங்கையும் சேர்த்து என்னையே திட்டுறாரு. சீக்கிரம் வந்து தொலை."

அம்மாதான் அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. வேலைக்காக ஃபுகுவோகாவில் தனியாகத் தங்கியிருந்த அப்பாவிடம் தினமும் தொலைபேசியில் இடுப்புச் செய்தி சொன்னாள். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, மகளைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பை நீவிவிட்டாள். "இங்கயா? இன்னும் கொஞ்சம் கீழயா?" என்று கேட்டுக் கேட்டு நீவும் அந்தக் கைகளின் கீழ் நாகிசா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். ஓய்வு முடிந்தபோது, இன்னும் வலிக்கிறது, இன்னும் ஒரு வாரம் என்றாள் நாகிசா. பிறகு இன்னும் ஒரு வாரம். மேற்கு ஜப்பான் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தேறினால்தான் டிசம்பரில் தேசியப் போட்டி.

கடைசியில் அம்மா, சகாய் பக்கம் ஓர் ஊசி வைத்தியரைக் கண்டுபிடித்தாள். வழுக்கைத் தலையும் ஓயாத வாயுமாக இருந்தார் அவர். ஊசி என்றாலே அம்மாவுக்கு நடுக்கம். திரைக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது முறை போனபோது வைத்தியர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணே, போன வாரம் இடது பக்கம் வலின்னு சொன்னே. இன்னைக்கு வலது பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றே. வலி வீடு மாத்திடுச்சா?"

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது அம்மா வழியில் ஒரு கடை வாசலில் காரை நிறுத்தி இறங்கிப் போனாள். ஆவி பறக்கும் கறி பன் இரண்டோடு வந்து, ஒன்றை நாகிசாவிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"எந்தப் பக்கம்டி?"

நாகிசா பன்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் சூடு உள்ளங்கையைச் சுட்டது.

"ரெண்டு பக்கமும் இல்லைம்மா."

"எப்போலேருந்து?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியிருந்தே." அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "லுட்ஸ் பண்ண முடியலைம்மா. பயமா இருக்கு. ராத்திரி படுத்தா அந்தச் சுவர்தான் வருது. எலும்பு உடைஞ்சிருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன். நிஜமாவே அப்படி வேண்டிக்கிட்டேன்."

அம்மா திரும்பினாள். நாகிசா அறை விழும் என்று நினைத்துக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். அம்மாவின் முகம் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது.

"அந்த ஊசி ரூம்ல நான் எப்படி உக்காந்திருந்தேன் தெரியுமா? எனக்கே குத்துற மாதிரி இருந்துச்சு. பாவி!"

"மன்னிச்சுக்கோம்மா."

"பேசாதே. சாப்பிடு." தன் பன்னை ஒரு கடி கடித்து, மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "நானும் ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு வருஷமா உன் லுட்ஸை நான் பார்த்ததே இல்லை."

"எந்தப் போட்டியும் விடாம வர்றியே!"

"வருவேன். உன் பாட்டு ஆரம்பிச்சதும் எழுந்து பாத்ரூமுக்குப் போயிடுவேன். கதவைச் சாத்திக்கிட்டுக் காதைத் தீட்டி வச்சுப்பேன். கைதட்டல் வந்தா நின்னுட்டே. 'ஐயோ'ன்னு கேட்டா விழுந்துட்டே. ஒரு தடவை பக்கத்து ரூம்ல ஒரு பொம்பளை, 'உங்களுக்கு வயிறு சரியில்லையா, மாத்திரை தரட்டுமா'ன்னு கேட்டா."

நாகிசா வாயில் இருந்த பன்னோடு சிரித்துவிட்டாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஓய்ந்தும் கண்ணில் நீர் நிற்கவில்லை.

"மொத்தமா விட்டுடணுமா?" என்றாள் அம்மா மெதுவாக.

"இல்ல. ஐஸ் பிடிக்கும். லுட்ஸ்தான் வேண்டாம்."

"அப்ப அதைத் தூக்கிப் போடு."

"அது இல்லாம தேசியப் போட்டிக்குப் போக முடியாதும்மா."

"போகலைன்னா டிசம்பர்ல வீட்ல உக்காந்து நண்டு சாப்பிடுவோம். எத்தனை வருஷமாச்சு!" அம்மா காரைக் கிளப்பினாள். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். உத்சுமி சென்செய்கிட்ட நீதான் சொல்லணும். அந்த மனுஷனுக்கு முன்னால நிக்க எனக்குத் தைரியம் இல்லை."

உத்சுமி அதை அம்மா போல எடுத்துக்கொள்ளவில்லை. ரிங்க் ஓரத்தில் நின்று கடைசி வார்த்தைவரை கேட்டார். அவருக்கு முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேனே, எதுக்கு?"

"நீங்க கத்தக் கத்தப் பயம் அதிகமாத்தான் ஆச்சு, சென்செய்."

உத்சுமி மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு முழுக்கத் திரும்பவில்லை. மறுநாளும் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோயோமி அருகில் சறுக்கி வந்து, "என்னடி பண்ணினே? இன்னைக்கு என்னைக்கூடத் திட்டலை. எனக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுது" என்றாள்.

அதற்கு அடுத்த நாள் உத்சுமி அவளைக் கூப்பிட்டார். கண்ணைப் பார்க்காமலேயே பேசினார்.

"லுட்ஸை எடுத்துட்டேன். அந்த இடத்துல இரட்டைச் சுற்று ஒண்ணு வைக்கலாம். முன்னாடி இருக்கற நீள வளைவை அப்படியே விட்டுடு, அது உனக்கு நல்லா வரும். மார்க் போகும். தேசியப் போட்டி கிடைக்காது. சம்மதமா?"

"சம்மதம்."

"எனக்குச் சம்மதம் இல்லை" என்றார் அவர். "இருந்தாலும் பண்ணு."

மேற்கு ஜப்பான் போட்டி அந்த வருடம் ஹிரோஷிமாவில். முதல் நாள் குறு ஆட்டம் சுமாராகப் போனது. இரண்டாம் நாள் நீள ஆட்டத்துக்கு நாகிசா நடுவே போய் நின்றபோது, பார்வையாளர் வரிசையில் அம்மா கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பாட்டு தொடங்கியது. முதல் இரண்டு தாவல்கள் சுத்தமாக வந்தன. பிறகு அந்த வளைவு. உடம்பு பழக்கத்தில் இறுகப் பார்த்தது. இங்கே ஒன்றும் இல்லை, இங்கே இரண்டே சுற்றுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தோளைத் தளர்த்தி, பின்னோக்கி நீளமாக, பாட்டின் இழுவையோடு இழைந்து போனாள். காலணியின் கத்தி ஐஸை அறுக்கும் மெல்லிய சத்தம் அவளுக்கே கேட்டது. எத்தனையோ மாதங்களாக அது காதில் விழுந்ததே இல்லை.

கால்வேலை என்கிற வேகமான அடிவைப்புகளின் நடுவே, தாவலே இல்லாத இடத்தில், கத்தி சிக்கித் தொப்பென்று உட்கார்ந்தாள். கூட்டம் "ஐயோ" என்றது. நாகிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து பாட்டை எட்டிப் பிடித்து, சிரிப்பு மாறாமலேயே முடித்தாள்.

பதினான்காவது இடம். கோயோமி நான்காவதாக வந்து தேசியப் போட்டிக்குத் தேறினாள். அழுதுகொண்டே வந்து நாகிசாவைக் கட்டிக்கொண்டு அவள் உடையில் கண்மையை அப்பினாள். அதற்கு முன்பு, மார்க்குக்காகக் காத்திருக்கும் பெஞ்சில் உத்சுமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நாகிசா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்படியா விழுவாங்க, ஒண்ணுமே இல்லாத இடத்துல?" என்றார் அவர்.

"தெரியலை, சென்செய்."

"அந்த வளைவு நல்லா இருந்துச்சு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐஸ் டான்ஸ் பண்றியா?"

அதில் பெரிய தாவல்கள் கிடையாது. ஜோடியாக ஆட வேண்டும். கத்தியின் விளிம்பும் வளைவும் கால்வேலையும்தான் எல்லாமே. நாகிசாவே சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்ததுதான். கேட்கத் துணிச்சல் வரவில்லை.

"பண்றேன். ஆனா பையன் எங்க கிடைப்பான்? நாட்டுல ஐஸ் டான்ஸ் ஆடுற பையன்களை விரல்விட்டு எண்ணிடலாமே."

"கியோட்டோவுல ஒருத்தன் இருக்கான். ஜோடிப் பொண்ணு படிக்கப் போயிட்டா. உயரமா இருக்கற பொண்ணா வேணும்னு அவங்க சென்செய் கேட்டாங்க. உன் கால் நீளத்தைச் சொன்னேன்."

"எப்பச் சொன்னீங்க?"

"என்கூடப் பேசாம இருந்தியே, அப்ப."

"நீங்கதானே பேசாம இருந்தீங்க!"

"எல்லாம் ஒண்ணுதான்" என்று எழுந்து போனார் உத்சுமி.

டிசம்பரில் நண்டு வேகும் பானையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து, தொலைக்காட்சியில் கோயோமியைப் பார்த்தார்கள். அப்பா விடுமுறையில் வந்திருந்தார். கோயோமி லுட்ஸுக்குள் நுழைந்தபோது அம்மா அப்பாவின் தோளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நாகிசா மட்டும் எழுந்து நின்று, "எழும்பு, எழும்பு!" என்று கத்தினாள். கோயோமி விழாமல் இறங்கி நின்றுவிட்டாள்.

ஜனவரியில் நாகிசா தனியாக ரயிலேறிக் கியோட்டோ போனாள். பையனின் பெயர் ஹிசாதோ. வெட்கப்பட்டுக்கொண்டு காதுவரை சிவந்திருந்தான். கைகோத்துச் சறுக்கிய முதல் சுற்றிலேயே அவள் கத்தியில் தன் கத்தியை இடித்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க" என்றான். இரண்டாவது சுற்றில் அவள் இடித்தாள். மூன்றாவது சுற்றில் யாரும் இடிக்கவில்லை.

"இன்னும் ஒரு சுற்று போகலாமா?" என்று நாகிசாதான் கேட்டாள்.