மெஷின் ஓடாத வாரம்

தெருவில் அவளுக்கு டெய்லர் அக்கா என்றுதான் பெயர். பேன்ட் கிழிந்தாலும் ஜிப் பிடுங்கிக்கொண்டாலும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். வந்தவர்கள் துணியைக் கொடுத்தோமா, போனோமா என்று இருக்க வேண்டியதுதானே? இருக்க மாட்டார்கள். பின்னறைச் சுவரோரம் வரிசையாகக் கிடக்கும் பிளாஸ்டிக் தொட்டிகளை எட்டிப் பார்த்து, "அக்கா, இது என்ன மீன், முதுகுல துடுப்பையே காணோம்?" என்று கேட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். தையல் அப்படியே கிடக்கும். அக்கா ஆரம்பித்துவிடுவாள்.

அது ரஞ்சு. தங்கமீனில் ஒரு ரகம். முதுகில் துடுப்பு கிடையாது, உடம்பு உருண்டை, தலையில் கிரீடம் கவிழ்த்த மாதிரி புடைப்புப் புடைப்பாகச் சதை. கண்ணாடிக்குப் பின்னால் விட்டுப் பக்கவாட்டில் பார்க்கிற மீன் இல்லை இது. அகலத் தொட்டியில் விட்டு, மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது வால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விரிய வேண்டும். ஒரு நூல் ஏறக்குறைய இருந்தாலும் போட்டியில் சீந்த ஆள் கிடையாது. துணியை அளந்து வெட்டுகிற கைக்கு இதைவிடப் பொருத்தமான பைத்தியம் வேறு எது?

குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் ஒவ்வொன்றாக அள்ளிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். "இதுக்கு வால் ஒட்டிப்போச்சு, அந்தப் பக்கம். இதுக்கு முதுகு கோணல், அந்தப் பக்கம்." அந்தப் பக்கம் என்றால் வாளி. வாளியில் விழுந்தவை பள்ளிக்கூடத்துத் தொட்டிக்குப் போய்ப் பிள்ளைகளோடு சுகமாக வாழும். நூற்றுக்கணக்கில் அள்ளினால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும்.

"நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இந்தத் தட்டுல விடல," என்பான் அவள் கணவன். "வாளிக்குத்தான் போயிருப்பேன்."

"இப்ப மட்டும் என்ன, வாளி காலியாத்தான் இருக்கு," என்பாள் அவள்.

அவன் பஸ் டிரைவர். ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிற பிழைப்பு. முன்னறையில் படுத்தால் ரோட்டு இரைச்சல் மண்டையைப் பிளக்கும். அதனால் கட்டில் பின்னறையில். ஆனால் பின்னறை ஜன்னலோரம் அவளுடைய கால்மிதி மெஷின். வெளிச்சம் வேண்டுமே என்று ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு முதுகுப் பக்கம் தொட்டிகள், தொட்டிகளுக்கு எதிரே கட்டில். மெஷின் கடகடக்கும், தொட்டி மோட்டார் குமிழி விடும், மனுஷன் தலையணையைத் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டு புலம்புவான். பாவம், அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

போன இரண்டு போட்டிகளிலும் அவள் வெறுங்கையோடு திரும்பியபோது அவன் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதுக்குப் பெயர் கொடுத்த அன்று திறந்துவிட்டான்.

"இந்தத் தடவையும் ஒண்ணும் வரலேன்னா தொட்டியெல்லாம் உன் மீன் சங்கத்துப் பேக்கரிக்காரருக்குப் போகட்டும். மெஷின் முன்னறைக்குப் போகட்டும். மனுஷன் தூங்குறதுக்கு எனக்கு ஒரு ரூம் வேணும்."

அவளுக்குச் சுருக்கென்று வந்தது. "சரிங்க. மூணு பரிசுல ஒண்ணு வரலேன்னா என் கையாலேயே தூக்கிக் கொடுத்துடறேன்!"

சொன்ன மறுநிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான், ரோஷக்காரி. அன்று முதல் அவள் உயிர் முழுக்க ஒரே ஒரு மீனின் வாலில் தொங்கியது.

அந்த மீனுக்கு அவள் கணவன் வைத்த பெயர் மாப்பிள்ளை. நடக்கிற உபசாரத்தைப் பார்த்து வயிறெரிந்து வைத்த பெயர். வால் வலுப்பட வேண்டுமென்று ஆழம் குறைந்த தொட்டி. சிவப்பு ஏற வேண்டுமென்று வெயிலில் வைத்துப் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். புழுவைப் பொடிப்பொடியாக நறுக்கி, வயிறு உப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டல். "அவனுக்குப் புழு பக்குவமா நறுக்கி வருது, எனக்கு ஆறிப்போன டீ," என்று அவன் முணுமுணுப்பான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். மாப்பிள்ளை வளர்ந்தான் ஐயா, வளர்ந்தான்! முதுகு வழவழவென்று வளைந்தது, தலை புடைத்தது, வால் இரண்டு பக்கமும் கத்தரித்து வைத்த மாதிரி ஒரே அளவு.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது பேக்கரிக்காரர் ரொட்டியோடு வந்தார். மீன் சங்கத்தில் முதல் பரிசை யாருக்கும் விட்டுக் கொடுக்காத ஆள், ஆனால் மனசில் கள்ளமில்லாதவர். மாப்பிள்ளையைக் குனிந்து பார்த்து, "அடேயப்பா!" என்றார். பிறகு மெஷினைப் பார்த்து முகம் சுளித்தார். "இது பக்கத்துலயா வளருது? போட்டிக்கு முன்னாடி மீனுக்கு அமைதி வேணும்மா. என் வீட்டுல நாங்க தும்முறதுக்குக்கூட வெளியில போவோம்."

அவ்வளவு பெரிய கை சொன்ன பிறகு மறுபேச்சு உண்டா? மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டாள். வந்த துணியையெல்லாம் அடுத்த தெரு டெய்லரிடம் அனுப்பினாள். வீடே கப்சிப்.

இதில் கொண்டாட வேண்டிய ஆள் யார்? டிரைவர். அவனோ மூன்றாம் நாளே கண் சிவந்து, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான்.

"ரூம்தான் அமைதியா இருக்கே, தூங்க வேண்டியதுதானே?"

"வரல."

"சத்தம் போட்டாலும் குறை, போடலேன்னாலும் குறை. உங்களை எந்தத் தட்டுல விட்டுப் பாக்குறதுன்னே தெரியல!"

மாப்பிள்ளையும் அந்த வாரம் தொட்டியின் அடியிலேயே கிடந்தான். நல்லாத்தான் ஓய்வெடுக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போட்டி ஒரு பழைய மண்டபத்தில். பலகை மேடை, மேடை நடுவில் வெள்ளை எனாமல் பேசின். ஒவ்வொரு மீனாக அதில் விடுவார்கள், மூன்று நடுவர்கள் குனிந்து பார்ப்பார்கள். வளர்த்தவர் பக்கத்தில் நின்று கூப்பிடலாம், கொஞ்சலாம், பாடக்கூடச் செய்யலாம். பேசினிலும் தண்ணீரிலும் கை படக்கூடாது, அதுதான் விதி. பேக்கரிக்காரர் மெல்ல விரலைச் சொடுக்கினார். அவருடைய மீன் சொன்னபடி கேட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

மாப்பிள்ளையின் முறை. பேசினில் விட்டதும் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தான். வாலை மடக்கிக்கொண்டான்.

"டேய் கண்ணா, ராசா, கொஞ்சம் எழுந்திருடா," என்று கெஞ்சினாள். அசையவில்லை.

"வாலையே காட்ட மாட்டேங்குதே, எதுக்கு மார்க் போடறது?" என்றார் மூத்த நடுவர்.

அவளுக்குக் காலியான பின்னறைச் சுவர் அப்படியே கண்முன் வந்து நின்றது. இத்தனை வருஷப் பாடு, இந்த ஒரு பேசினோடு முடிந்தது என்றே நினைத்தாள்.

கடைசி வரிசையில், வண்டியை விட்டுவிட்டு யூனிஃபார்மோடு வந்து தூங்கி வழிந்துகொண்டிருந்த அவள் கணவன் எழுந்தான். நேராக மேடை ஏறி வந்தான்.

"தள்ளு."

"ஏங்க, விளையாடற நேரமா இது?"

"அவனுக்கு மெஷின் ஓடணும்மா. நீ பெடலை மிதிச்சாத்தான் எழும்புவான். வாலை விரிச்சுக்கிட்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஒரே ஆட்டம். நீ நிறுத்தினா அவனும் நின்னுடுவான்."

"நான் பாத்ததே இல்லையே!"

"நீதான் ஜன்னலைப் பாத்து உக்காந்திருக்கியே. பகல் பூரா அவனைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கிறது நான்தானே?"

சொல்லிவிட்டு ஷூக்காலால் பலகையை ஓங்கி மிதித்தான். டம். கொஞ்சம் நிறுத்தி, டம். மாப்பிள்ளை மிரண்டு ஒதுங்கினான்.

"ஐயோ, அது பிரேக்குங்க! மெஷின் இப்படியா ஓடும்?"

அவள் செருப்பை உதறினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குதிகாலும் விரலும் மாறி மாறிப் பலகையில் விழ மிதித்தாள். கடகட கடகட கடகட. அவனும் ஷூவைக் கழற்றிவிட்டு அவள் காலைப் பார்த்துப் பார்த்து மிதித்தான். சபை கொல்லென்று சிரித்தது. சிரிக்கட்டுமே!

பேசின் தண்ணீரில் நடுக்கம் ஓடியது. மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். ஒரு குலுக்குக் குலுக்கி மேலே வந்தான். பிறகு விரித்தான் பாருங்கள் வாலை! வட்டமாக ஒரு சுற்று, திரும்பி இன்னொரு சுற்று. நடுவர்கள் மூன்று பேரும் தலைகள் முட்டிக்கொள்கிற அளவுக்குக் குனிந்தார்கள்.

"பலகையில கால் படக்கூடாதுன்னு விதியில இல்லையே?" என்றார் மூத்தவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மூன்றாம் பரிசு வேறு யாருக்கோ போனது. முதல் பரிசு பேக்கரிக்காரருக்குத்தான் என்பது ஊரறிந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. அவள் கணவனின் கையைப் பிடித்த பிடியில் அவன் "ஆ" என்றான். "ரெண்டாவது, டெய்லர் அக்கா!" என்ற குரல் கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அழுதாள், சிரித்தாள், பேக்கரிக்காரரையே கும்பிட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, மடியில் வாளியும் கோப்பையுமாக, அவள் கேட்டாள். "பேசாம உக்காந்திருந்தா ரூம் உங்களுக்குக் கிடைச்சிருக்குமே. ஏன் எழுந்து வந்தீங்க?"

"கிடைச்சு? இந்த ஒரு வாரமாத்தான் பாத்தேனே. அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல. என்னடா இதுன்னு எனக்கே வெக்கமா இருக்கு." அவள் மடியில் சாய்ந்த வாளியை நிமிர்த்திப் பிடித்தான். "அதுவும் இல்லாம, நீ கெஞ்சினதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். வாளியில் மாப்பிள்ளை தளும்பிக்கொண்டு வந்தான்.

மறுநாள் மத்தியானம், ஜிப் மாற்ற வந்த பெண் பின்னறை வாசலில் திகைத்து நின்றாள். மெஷின் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அக்கா தொட்டியையும் கட்டிலையும் பார்த்து உட்கார்ந்து, கடகடவென்று மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் இல்லை. மெஷினில் துணியும் இல்லை.

"என்னக்கா தைக்கிறீங்க?"

தொட்டியில் மாப்பிள்ளை வாலை விரித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். கட்டிலில் குறட்டை.

"உஷ்," என்றாள் அக்கா, மிதிப்பதை நிறுத்தாமல். "மெதுவா பேசு. அவர் தூங்குறாரு."