ஒன்ஸ்மோர் என்றால் எழுந்துவிடுவாள்

1

காலை ஐந்தே முக்காலுக்கு மெர்வின் எழுகிறான். முதல் மாடியிலிருந்து இறங்கி, படிக்கட்டின் அடியில் இருக்கும் சுவிட்சைத் தட்டி மோட்டார் போடுகிறான். வாசலில் பால் பாக்கெட்டை எடுக்கிறான். உடனே மேலே போவதில்லை. சுவிட்சின் பக்கத்திலேயே நின்று, தொட்டி நிரம்புவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறான். இரண்டாம் மாடிக்காரருக்கு இதில் மனக்குறை. எட்டு மணிக்கெல்லாம் அவர் வீட்டுக் குழாயில் காற்றுதான் வருகிறதாம்.

இந்தக் கதை இவனைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆங்கிலேய நடிகையைப் பற்றியது. எழுத ஆரம்பித்தவள் இவன் மனைவி ஜெரூஷா. போன வருடம் ஆகஸ்டில் இறந்துபோனாள். முப்பத்தொரு வயது. அவள் விட்டதை முடிக்க உட்கார்ந்ததில் இவன் உள்ளே வந்துவிட்டான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஃப்ளோரி ஹேஸ்கெட் பிறந்த அன்று லீட்ஸ் நகரத்தில் பனி —

[வேண்டாம். சேலையூரில் உட்கார்ந்துகொண்டு பனியை யார் கண்டது.]

இரண்டாம் முயற்சி: இங்கிலாந்தின் இசை நகைச்சுவை நாடக மேடைகளில் ஒரு காலத்தில் —

[கல்லூரி நோட்ஸ்.]

ஜெரூஷாவின் நோட்டில் இருப்பதையே சொல்லிவிடலாம். ஃப்ளோரி ஒரு சலவைக்காரியின் மகள். பதினாறு வயதில் கோரஸில் மூன்றாம் வரிசை, இடது ஓரம். நாயகிக்குத் தொண்டை கட்டிய ஒரு மாலை, அவளுடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு இவள் முன்னால் வந்தாள். தொப்பி பெரிது, கண்ணை மறைத்தது. பாட்டின் நடுவே தூணில் மோதினாள். கூட்டம் சிரித்தது. மறுநாளும் மோதச் சொன்னார்கள். நகைச்சுவை நடிகை ஆனது அப்படித்தான். பன்னிரண்டு வருடம் தூணில் மோதினாள்.

[ஃப்ளோரி நிஜத்தில் இருந்தவள் அல்ல. தேட வேண்டாம். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.]

1912-இல் கப்பலேறி மதராஸ் வருகிறாள். இரண்டாம் அங்கத்தின் முடிவில், காதலன் ஏமாற்றிவிட்டதாக எண்ணி ஒரு பாட்டுப் பாடி, விஷம் என்று நினைத்து இருமல் மருந்தைக் குடித்துச் சரிய வேண்டும். சரிந்தாள். பின்வரிசையிலிருந்து நம் ஆட்கள் கத்தினார்கள்: "ஒன்ஸ்மோர்!" நம் நாடகங்களில் அது வழக்கம். செத்தவர் எழுந்து, அதே பாட்டைப் பாடிவிட்டு, மறுபடி சாக வேண்டும். ஃப்ளோரிக்கு அது தெரியாது. படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். எழுந்தாள். பாடினாள். விழுந்தாள். மூன்று தடவை.

ஓரத்தில் ஜெரூஷாவின் பென்சில்: ஊருக்குத் திரும்பியபின் இவளை யாரும் எழுப்பவில்லை.

3

அது உண்மைதான். போர் வந்தது, ரசனை மாறியது. ஃப்ளோரிக்கு அத்தை வேடங்கள், பிறகு அதுவும் இல்லை. கடலோர ஊர் ஒன்றில் விடுதி அறை. நோட்டின் கடைசிப் பக்கம் இப்படி முடிகிறது:

'அவளுடைய கடைசி வார்த்தை "திரையை ஏற்றுங்கள்" என்று பத்திரிகைகள் எழுதின. அப்படி எதுவும் சொல்லவில்லை என்றாள் விடுதிக்காரி. உண்மையில் அவள் கடைசியாகச் சொன்னது ____________'

கோடு. அவ்வளவுதான். மெர்வின் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தான்.

அ) "திரையை ஏற்றுங்கள்" என்றேதான் சொன்னாள். (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

ஆ) "என் தொப்பி எங்கே?" (கைதட்டலுக்காக எழுதியது.)

இ) ஒன்றும் சொல்லவில்லை. (கோழைத்தனம்.)

4

அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை முதலாண்டு நினைவு ஆராதனை. ஜெரூஷாவின் கதையோடு ஒரு நினைவு மலர் அச்சாகிறது. ஒன்பது மணிக்கு அச்சகத்திலிருந்து முனிரத்தினம் கூப்பிட்டார்.

"இன்னா சார் இது? பன்னெண்டாம் பக்கத்துல கோடு போட்டு வுட்டுகீற. படிக்கிறவன் ரொப்பிக்கணுமா? பரிட்ச பேப்பரா?"

"பதினொரு மணிக்குள்ள தர்றேண்ணா."

"போட்டோக்குக் கீழயும் காலியா கீது. டீச்சரம்மா 'கடைசி வார்த்தை'ன்னு தலைப்பு குடுத்துட்டு வார்த்தைய குடுக்கல. கேட்டா, மாப்ளைய கேட்டுச் சொல்றேன்றாங்க. மெசினு சும்மா நின்னுகினு கீது சார். பேஜாரு."

டீச்சரம்மா என்பது சரோஜினி, ஜெரூஷாவின் அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. புராட்டஸ்டண்ட் குடும்பம். மெர்வின் கத்தோலிக்கன்.

[இந்த மெர்வின் பாத்திரமாக நிற்பானா என்று சந்தேகமாக இருக்கிறது. அழுவதில்லை. யார் கேட்டாலும் "சாப்பிட்டேன்" என்கிறான். "அவன்" என்று எழுதுவது வசதி. நான் —]

5

பத்து மணிக்கு சரோஜினி வந்தார். குடையை மடக்காமல் கையிலேயே பிடித்தபடி உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ஒண்ணு சொன்னீங்க. 'சேசுவே'ன்னு கூப்பிட்டா, அதுக்கப்புறம் பேசலன்னு."

"ஆமா அத்தை."

"அதை அச்சுல போட எனக்குக் கை வரல. எங்க வீட்டுல யாரும் சேசுன்னு சொல்ல மாட்டோம். ஆண்டவரேன்னுவோம், இயேசுவேன்னுவோம். சேசு உங்க வீட்டுப் பேச்சு."

 மெர்வினின் அம்மா சாகும்போது சொன்னது அது. அன்று எல்லோரும் சுற்றி நின்று கேட்டபோது, அவனிடம் இருந்த கடைசி வார்த்தை அது ஒன்றுதான்.

"ஒரு வருஷமா கேக்கணும்னு இருக்கேன். அவ உங்க கோயிலுக்கு மாறிட்டாளா? கோவம் இல்ல மாப்பிள்ளை. காலேஜ்ல ஒரு பேப்பர் ஃபெயிலானதைக்கூட எங்கிட்ட மொதல்ல சொன்னவ. இதை மட்டும் ஏன் மறைச்சா? அதான் புரியல."

"மாறல அத்தை."

"அப்போ?"

6

வாசகரே, இங்கே ஒரு சுலபமான வழி இருக்கிறது. 'இயேசுவே என்றுதான் சொன்னாள், நான்தான் பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன்.' ஓர் எழுத்துத் திருத்தம். அம்மாவுக்கும் நிம்மதி, சபைக்கும் நிம்மதி, முனிரத்தினத்தின் மெசினும் ஓடும். மெர்வினின் நாக்கில் அது தயாராக இருந்தது.

ஃப்ளோரியின் கோட்டை நான் நிரப்பப் போவதில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் அப்படியே அச்சாகும். வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், பென்சிலால். ஜெரூஷாவின் கோட்டை உங்களிடம் தர முடியாது. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அன்று காலை அவள் அடுப்படியில் இருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள். நான் கீழே போனேன். பால்காரரிடம் இரண்டு நிமிடம் பேசினேன், எதைப் பற்றி என்று நினைவில்லை. திரும்பி வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கேட்டு வைத்துக்கொள்ளும்படி வேறெதுவும் அவள் சொல்லவில்லை.

"அத்தை, அவ சாமி பேரு எதுவும் சொல்லல. நான்தான் அப்படிச் சொல்லிட்டேன்."

"பின்னே என்ன சொன்னா?"

"அச்சுல போடுற மாதிரி இல்ல."

"பரவாயில்ல. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். சரோஜினி கொஞ்ச நேரம் சமையலறைப் பக்கம் பார்த்தார். குடையை மடக்கிக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, மாப்பிள்ளை."

"மெர்வின், மோட்டார ஆஃப் பண்ணு, வழியுது."