ஒரே பதிவுக்குள்

"ஒரு வாடிக்கையாளரோட புகார் எல்லாத்தையும் ஒரே பதிவுக்குள்ள திணிக்காதீங்க. ஒருநாள் அது வீங்கிப்போய், இனி ஒரு வரிகூட ஏத்துக்காது. புகார்களைத் தனித்தனியா வச்சு, ஒவ்வொண்ணுலயும் வாடிக்கையாளர் எண்ணை மட்டும் எழுதுவோம்" என்று போன வருடம், எங்கள் அலுவலகத்தில் புகார் மென்பொருளை வடிவமைக்கும்போது சொன்னேன்.

குழுத்தலைவரான என் கணவர் சிரித்தார். "விட்டா எங்க வீட்டையும் இப்படித்தான் பிரிச்சு வைப்பா!"

குழுவே சிரித்தது; அவர் சொன்ன ஒரே பதிவு முறையே முடிவானது. மாமனார், மாமியார், மச்சினர் குடும்பம், நாங்கள் என்று ஒன்பது பேர் மூன்று அறைகளில் இருந்தோம். தனிக்குடித்தனம் பற்றி நான்கு வருடமாகப் பேச நினைத்ததை அன்றும் தள்ளிப்போட்டேன்.

இன்று காலை, எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளரான பேருந்து நிறுவனத்தின் பதிவு உச்ச அளவைத் தொட்டுவிட்டது. புகார்களைச் சேமிக்கும் கிளவுட் டேட்டாபேஸ் அவர்களின் புதிய புகார் ஒவ்வொன்றையும் ஏற்காமல் திருப்பி அனுப்பியது. மேலாளர் முன்னால் என் கணவர் என்னைக் கைகாட்டினார்.

"இவ போட்ட அமைப்பு சார். பொண்டாட்டியாச்சேன்னு நம்பிக் குடுத்தேன், காலை வாரிட்டா."

பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள். நான் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தேன்.

"எனக்குத் தனி வீடு வேணுங்க" என்றேன். "அதுல நீங்களும் வேண்டாம்."