தொழில் கேட்கும் மூட்டம்

பரளச்சிக்கு மேற்கே தங்கலட்சுமி போட்ட கரிமூட்டம், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து தங்கள் தொழிலைப் பற்றிப் பேசினால்தான் சீராக வேகும். பேச்சு நின்றால் மண் பிளந்து தீ வெளியே வரும். பொய் பேசினாலும் அப்படித்தான். மழை ஏமாற்றிய ஓர் ஆவணியில் இது தெரியவந்தது.

அதுவரை அவள் அடுத்தவர் மூட்டங்களில் கூலிக்குப் புகை தின்றவள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழை போட்டு, ஈரமண் அப்பித் தீ வைத்த சொந்த மூட்டம் அதுதான் முதல். உள்ளே காற்றுப் புகுந்தால் அத்தனை விறகும் சாம்பல். சாம்பலானால் மறுபடியும் கூலிதான். மூன்றாம் நாள் காலையில் மூட்டம் ஒரு பக்கம் இறங்கி, வெடிப்பில் தீ தெரிந்தது. அவள் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். போட்ட மண்ணெல்லாம் உள்ளே போனது. வெடிப்பு அப்படியே இருந்தது.

அந்நேரம் மொபட்டில் ஊர் ஊராக நைட்டி விற்கும் செல்லக்கிளி தண்ணீர் கேட்டு நிறுத்தினாள். குடித்துவிட்டு, "வாங்குறவுக எல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியாமத்தான் வாங்குறாக யக்கா. ஆனா கலரு மட்டும் அவருக்குப் பிடிச்சதாப் பாக்குறாக" என்றாள். வெடிப்பு மெல்ல மூடிக்கொண்டது. அவள் கிளம்பியதும் திறந்துகொண்டது. தங்கலட்சுமி ஓடிப்போய் வண்டியை மறித்து, "இன்னுங் கொஞ்சம் பேசிட்டுப் போத்தா, கம்பங்கூழு தாரேன்" என்றாள்.

அன்றிலிருந்து ரோட்டில் போகிறவர்களையெல்லாம் அழைத்துக் கூழ் ஊற்றினாள். ஆட்டுக்கிடை போடும் சோலை, மகள் கல்யாண வீட்டு மெத்தையில் தூக்கம் வராமல் பட்டிக்கே திரும்பிப்போய் ஆடுகளோடு படுத்ததைச் சொன்னார். திருச்சுழி பஸ் கண்டக்டர், வீட்டிலும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவதாகச் சொன்னார். வெள்ளைப் புகை நேராக எழுந்தது.

பிறகு ஒரு மத்தியானம் காரியாபட்டியில் செல்போன் கடை வைத்திருந்த ஜெயக்குமார் வந்தான். கையில் டிபன் பை. "இப்ப மூணு பிராஞ்சுக்கா. நிக்க நேரமில்ல" என்றான். மூட்டம் நாலு இடத்தில் பிளந்து, தீ ஆளுயரம் நின்றது.

"தம்பி, நெசத்தச் சொல்லு. இல்லாட்டி எந்திரிச்சுப் போ. எம் பொழப்பு வேகுது."

அவன் டிபன் பையைக் கீழே வைத்தான். "கடையப் பங்குனியிலயே மூடிட்டேன்க்கா. வீட்டுல தெரியாது. அவ தெனமும் சோறு கட்டிக் குடுக்குறா. எங்கயாச்சும் மரத்தடியில தின்னுட்டு, இருட்டுன பெறகு போறேன்."

மூன்று வெடிப்புகள் மூடின. நாலாவது மூடவில்லை. அவனிடம் சொல்ல வேறு எதுவும் இல்லை, ரோட்டிலும் ஆளில்லை. அவன், "ஒங்க தொழிலு எப்பிடிக்கா போகுது?" என்று கேட்டான்.

அத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காதது அது. "கரி அள்ளுறவளுக்கு என்னய்யா தொழிலு?" என்றாள். தீ இன்னும் கொஞ்சம் ஏறியது. பிறகு, தயங்கித் தயங்கி, இந்த வேலை தனக்குப் பிடிக்கும் என்று சொன்னாள். வேர்க்கட்டை வேகும் வாசனை வேறு, கிளை வேகும் வாசனை வேறு என்றாள். வெந்த கரி ஒன்றோடொன்று தட்டினால் கிண்ணென்று கேட்கும், அதைக் கேட்கத்தான் விடிந்ததும் எழுந்து வருகிறேன் என்றாள். கடைசி வெடிப்பும் மூடியது. புகை மெலிந்து நீலமானது. நீலப்புகை வந்தால் கரி வெந்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்த்தும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. ஜெயக்குமாரும் எழுந்திருக்கவில்லை. அன்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

இப்போது அந்தப் பக்கம் மூட்டம் போடுகிறவர்கள் விறகும் மண்ணும் தண்ணீரும் பார்க்கிற கையோடு, பேச ஆள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆள் இல்லையென்றால் தீ வைப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். லோடு ஏற்ற வருகிற லாரிக்காரரும், அடுத்த மூட்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்து வழியில் டயர் வெடித்த கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் சாக்கைத் தொடுகிறார்.